1200 உருப்படிப் பாசிமணிப் பெட்டி: ஆறு மாதம் கழித்து

"வீட்டிலேயே நகை செய்யலாம், 1200 உருப்படிகள்" என்று ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நாலு பேருக்கும் வாட்ஸப்பில் வாய் வலிக்கப் பேசி அனுப்பியாயிற்று, இனி யார் கேட்டாலும் இதைப் படிக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் வாங்கியது போன டிசம்பரில், 1149 ரூபாய். அக்கா மகளுக்கு அரையாண்டு லீவு, பதினொரு வயது, கையிலிருந்து போனைப் பிடுங்குவதற்கு ஏதாவது ஒரு வழி வேண்டியிருந்தது. பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் இதே பெட்டி, இதே புகைப்படம், ஏழெட்டுப் பெயர்களில் கிடக்கிறது.

பெட்டி வந்தபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை என்பது உண்மை. 24 அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. திறந்தால் உள்ளே பச்சையில் பாதி நீலத்துக்குப் போயிருந்தது, நீலம் வெள்ளைக்கு வந்திருந்தது. அறைகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பு மூடியைத் தொடுவதே இல்லை, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி, கூரியர்காரர் பெட்டியைத் தலைகீழாகக் கொண்டு வந்திருந்தால் அவ்வளவுதான். மூன்று மில்லிமீட்டர் மணியை நிறம் பார்த்துப் பொறுக்குவது அரிசியில் கல் பொறுக்குவது போல, ஆனால் இங்கே அரிசியும் கல்தான். முதல் நாள் முழுக்க இதிலேயே போயிற்று.

அந்த 1200 என்ற கணக்கையும் எண்ணிப் பார்த்தோம், லீவில் வேறு என்ன வேலை. சுமார் எழுநூறு, கம்பியை வளைத்த சின்ன வளையங்கள். ஜம்ப் ரிங் என்பார்கள், எதையும் எதனோடும் கோக்க உதவுவது. அப்புறம் கொக்கிகள், தலை தட்டிய ஊசிகள், காதுக்கம்பிகள், கம்மல் பின்னால் போடும் ரப்பர் திருகு. கண்ணாடி மணிகளை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை போல, அது தனி. உலோகத்தில் வார்த்த குட்டித் தொங்கல்கள் 40: ஆமை, ஆந்தை, சாவி, நங்கூரம், ஈபிள் கோபுரம். ஆமையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டு அவள் சொன்னாள்: "சித்தி, இந்த ஆமைக்கு மூஞ்சே இல்ல." இல்லைதான். வார்ப்பு சரியாக நிரம்பவில்லை. ஈபிள் கோபுரம் மட்டும் நன்றாக இருந்தது, பதினோரு கோபுரங்கள், ஒருவரே அத்தனையும் போட்டுக்கொண்டு எங்கே போவது?

இந்தத் தொங்கல்களில்தான் என் முதல் பெரிய புகார். இவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை, மேலே மெல்லிய முலாம். கையில் கட்டிய பத்தாவது நாள் நங்கூரத்தின் ஓரம் சாம்பல் நிறமாகிவிட்டது. அது போனால் போகட்டும், ஆனால் பெட்டியில் இருந்த காதுக்கம்பியை அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போய், மறுநாள் காது மடல் சிவந்து தடித்து, ஒரு வாரம் அரிப்பு. பெட்டியில் "நிக்கல் இல்லாதது" என்று எங்கும் எழுதவில்லை, நானும் பார்க்கவில்லை. முலாம் போட்ட மலிவு நகையில் நிக்கல் இருப்பது சகஜம், தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனதும் அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே உண்டு: தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது, குத்திய துளைக்குள் போகும் கம்பி என்றால் 0.2. நம் பெட்டிக்காரருக்கு எழுதிக் கேட்டேன். "நிறம் சற்று மாறுபடலாம்" என்று பதில் வந்தது. நான் நிறத்தைப் பற்றியே கேட்கவில்லை.

இப்போது காதுக்குப் போவது எதுவானாலும் 92.5 வெள்ளிக் கம்பியை நானே வளைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் 316எல் என்ற ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் கொக்கி வாங்கிவிடுகிறேன். அந்த ஸ்டீலிலும் நிக்கல் உண்டுதான், ஆனால் கட்டுண்டு கிடப்பதால் வெளியே கசிவது மிகக் குறைவு. நிக்கல் சுத்தமாக ஆகாது என்பவர்கள் டைட்டானியம் தேடுவது நல்லது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வார்ப்புத் தொங்கல்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள், மலிவு வார்ப்பில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, பிள்ளைகளோ எதையும் வாயில் போட்டுப் பார்ப்பவர்கள்.

காந்தத்தை மறக்காதீர்கள். பிரிஜ் மேல் ஒட்டியிருக்கும் திருப்பதி காந்தத்தை எடுத்து வந்து பெட்டிக்குள் காட்டினேன், தங்க நிற வளையங்கள், வெள்ளி நிற ஊசிகள் எல்லாம் முள்ளம்பன்றி போல ஒட்டிக்கொண்டன. அத்தனையும் இரும்பு. சென்னைக் காற்றுக்கும் வியர்வைக்கும் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? வைகாசியில் பாதி வளையங்கள் துருப்பிடித்துவிட்டன, அதுவும் பெட்டிக்குள் இருந்தபடியே. காந்தத்தில் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று அர்த்தமில்லை, ஆனால் ஒட்டினால் என்னவென்று தெரிந்துவிடுகிறது. வாங்கிய அன்றே இதைச் செய்திருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பியிருப்பேன்.

குறடுகள் மூன்று. கூர்மூக்கு, உருண்டை மூக்கு, வெட்டுக் குறடு. பார்க்க லட்சணம், இளஞ்சிவப்புப் பிடி. கூர்மூக்கின் உட்பக்கம் பல் பல்லாக இருக்கிறது. எலக்ட்ரீஷியனுக்கு அது சரி, நகைக் கம்பியைப் பிடித்தால் எலி கடித்த மாதிரி தடம் விழும். நகை வேலைக்கு உட்பக்கம் வழவழப்பான குறடுதான் வேண்டும். தற்காலிகமாக அதன் வாயில் மெடிக்கல் டேப் சுற்றி ஓட்டினேன். உருண்டை மூக்கின் இரு முனைகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பெட்டியில் முதலில் தூக்கிப் போட்டது இதைத்தான். சென்னை பூக்கடைப் பகுதியில் ஒரு சந்தில், நகைப் பட்டறைக்காரர்கள் சாமான் வாங்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது, அங்கே வழவழ வாய்க் குறடு ஒன்றும் உருண்டை மூக்கு ஒன்றும் வாங்கினேன், இரண்டும் சேர்ந்து பெட்டி விலையில் முக்கால்வாசி. கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும். கடைப் பெரியவர், "என்னம்மா, தாலியா செய்யப் போறீங்க?" என்று சிரித்தார், ஆனால் எது எனக்குத் தேவையில்லை என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் இப்போதும் அங்கேயே போகிறேன்.

சரி, கண்ணாடி மணிக்கு வருவோம். நான் ஏமாந்ததும் கற்றுக்கொண்டதும் இதில்தான் அதிகம்.

பெட்டியில் இருந்தவை பொடிமணிகள், 8/0 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணுக்குத் தலைகீழ்க் கணக்கு, எண் ஏற ஏற மணி சிறுக்கும். 8/0 சுமார் 3 மி.மீ., 11/0 சுமார் 2 மி.மீ. சும்மா நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள இந்தப் பெட்டி மணிகள் தாராளமாகப் போதும். இந்த ஒரு விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன், அக்கா மகள் இரண்டு நாளில் ஆறு மாலை கோத்தாள், இரண்டு உறவினர் வீட்டுக் கொலுப் பொம்மைகளின் கழுத்தில் ஏறப் போகின்றன. ஆனால் மணியோடு மணி சேர்த்துப் பட்டையாக நெய்யப் போனீர்களோ, தொலைந்தீர்கள். ஒரு மணி தட்டை, ஒன்று பீப்பாய், ஒன்றுக்குத் துளை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. மூன்றாவது வரிசையிலேயே பட்டை அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துவிட்டது. என் கை சரியில்லை என்று நினைத்து மூன்று முறை பிரித்துக் கோத்தேன். கடைசியில் ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் செய்யப்படும் மியூகியின் டெலிகா மணி ஒரு சின்னப் பொட்டலம் வரவழைத்தேன், இதுவும் 11/0தான், ஆனால் குழாய் வடிவம், உருண்டை மணியைவிடச் சற்றுச் சிறிது, ஒவ்வொன்றும் 1.6 மி.மீ. அகலம், அச்சில் வார்த்த மாதிரி. அதே கை, அதே ஊசி, பட்டை இட்லித் துணி போல விரித்துப் போட்டால் விரிந்தது. விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், கிராம் கணக்கில் வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே நெய்வதற்கு மட்டும் அது, கோப்பதற்கு நம் ஊர் மணி.

நிறம் அடுத்த பிரச்சினை. கண்ணாடியிலேயே நிறம் இருக்கும் மணி என்றும், வெறும் கண்ணாடிக்கு மேலே சாயம் பூசிய மணி என்றும் இரண்டு ஜாதி. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் இரண்டாவது வகை தன் வண்டவாளத்தைக் காட்டிவிடும். பெட்டியின் இளஞ்சிவப்பும் ஊதாவும் பஞ்சுக்கு வந்துவிட்டன, கருநீலமும் பச்சையும் அசையவில்லை. தேய்க்காமலும் தெரிந்துகொள்ளலாம்: ஒரு பாதியை அலுமினியத் தாளில் சுற்றி, மறுபாதியைத் திறந்தபடி பத்து நாள் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். சித்திரை வெயிலுக்குப் பூச்சு நிற்காது.

மூன்றாவது, துளையின் விளிம்பு. மாலை கோத்து ஒரு வாரத்தில் நூல் அறுந்து கூடத்தில் மணி சிதறியபோது நூலைத்தான் திட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணியின் துளை ஓரம் உடைந்த கண்ணாடி மாதிரியே கூராக இருக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் எப்போதோ பார்த்த அரிக்கமேட்டு மணிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துச் சரக்கு, கடுகளவு, விளிம்பு உருண்டு வழவழவென்று இருக்கும். அரிக்கமேட்டில் செய்த வகைக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை தோண்டிய இடத்திலெல்லாம் கிடைப்பதால். உருக்கிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குவார்கள். சாம்பல் துளையை அடைபடாமலும் மணிகளை ஒட்டாமலும் காக்கும், சூடு கூர்முனையை உருட்டிவிடும். திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரைக்கும் இதே முறையில் செய்திருக்கிறார்கள். என் பெட்டி மணிக்கு அந்தக் கடைசிச் சூட்டை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். அது தெரியாமல் நான் நூலை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டிருந்தேன்.

நூல் என்றால், பெட்டியில் வருகிற எலாஸ்டிக்கைக் குழந்தைகளின் வளையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், போடுவதற்கு முன்னால் நன்றாக இழுத்துவிட்டு முடிச்சுப் போட்டால் தளராது. மற்றதற்குத் தூண்டில் நரம்பு. அதிலும் பின்னல் நரம்பு கூர் விளிம்பைக் கொஞ்சம் தாங்குகிறது. கனமான மணி என்றால் நைலான் பூசிய மெல்லிய ஸ்டீல் கம்பி வாங்குங்கள், டைகர் டெயில் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கம்பியில் ஒரு குழப்பம் எல்லோரையும் கவிழ்க்கும், அதைச் சொல்லாமல் போனால் பாவம். யூடியூபில் "22 கேஜ் கம்பி எடுங்கள்" என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி சொல்லும்போது அவர் சொல்வது அமெரிக்க அளவு, 0.64 மி.மீ. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போய் 22 செம்புக் கம்பி கேட்டால் அவர் கொடுப்பது பிரிட்டிஷ் அளவு, 0.71 மி.மீ. வித்தியாசம் மயிரிழை மாதிரி தெரிகிறது, ஆனால் மணியின் துளை 0.7 என்றால் ஒன்று போகும், மற்றது போகாது. நான் கால் கிலோ வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணிகூடக் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். காயில் கம்பி மீது கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும், கருக்காமல் பளபளவென்று இருக்கும் என்பதால் சுருள் வேலைக்கு அருமை, விலையும் கிராஃப்ட் கம்பியில் பாதிக்கும் கீழே. ஆனால் அதைத் தீயில் காட்டாதீர்கள், பூச்சு எரிந்து புகை நாறும். ஜம்ப் ரிங்கும் இதிலேயே செய்யலாம், பேனா ரீபிள் மேல் ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுற்றி உருவி வெட்டினால் ஒரு சுருளுக்கு முப்பது வளையம். வளையத்தைத் திறக்கும்போது இரு முனையையும் அகலமாக இழுக்காமல், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் தள்ள வேண்டும். பெட்டியோடு வந்த விளக்கத் தாளில் அச்சாகியிருந்த உருப்படியான ஒரே குறிப்பு இது.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில், தெற்கு மாடவீதி நடைபாதையில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவர் அம்மா ஒருவர் கம்பியில் மணி கோப்பதைப் பார்த்து நின்றேன். ஒரே ஒரு குறடு. கம்பியை வெட்டி, மணியைப் போட்டு, வளைத்து, சுற்றி, அடுத்த மணி, மூச்சு விடும் நேரத்தில் இரண்டு கண்ணி. நானும் செய்வேன், இரண்டு குறடு வைத்துக்கொண்டு, கண்ணிக்கு ஒரு நிமிடம் ஆகும் என்றேன். "ரெண்டு குறடு எதுக்கும்மா, இந்தக் கை சும்மாதானே இருக்கு" என்று இடது கட்டைவிரலைக் காட்டினார். கட்டைவிரல் நுனியில் கம்பி உட்காரக் கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு. எனக்கு அது வராது, முயன்று பார்த்து விரலைக் கிழித்துக்கொண்டேன். அவரிடம் வாங்கிய சிவப்புப் பாசிச் சரம் நாலு, இதுவரை ஒன்றும் அறுந்து விழவில்லை.

பெட்டிக்கு நட்சத்திரம் கொடுக்க வேண்டுமாம், மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. ஐந்துக்கு இரண்டு போட்டேன். ஒன்று மணிக்கு, ஒன்று பெட்டிக்கு. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வார லீவைக் கடத்த வேண்டும் என்றால் வாங்குங்கள், திட்ட மாட்டேன். நீங்களே செய்து நீங்களே போட்டுக்கொள்ளவோ விற்கவோ எண்ணம் இருந்தால் அதே 1149 ரூபாயை எடுத்துக்கொண்டு பாரிமுனைக்கு பஸ் ஏறுங்கள். தேவராஜ முதலி தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் மணியைச் சரமாக, எடை போட்டு வாங்கலாம், உத்தரப்பிரதேசத்து புர்தில்நகர் கண்ணாடி மணி, செக் நாட்டு மணி என்று பெயர் சொல்லியே எடுத்துக் காட்டும் கடைகள் உண்டு. கையில் உருட்டிப் பார்க்கலாம், துளையில் ஊசியை விட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை மூச்சு விட முடியாது. சில கடைகளில் ஒரு சரம் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள், மொத்த வியாபாரம் அவர்கள் பிழைப்பு. கோபப்படாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

அந்த மூஞ்சியில்லாத ஆமையால் ஒரு நல்லதும் நடந்தது. தொங்கலை நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டேன். யோசித்தால் இது ஒன்றும் நமக்குப் புதுப் பண்டம் இல்லை. சங்கு, சக்கரம், வில், வாள், கதை என்று ஐந்தையும் சின்னதாகச் செய்து பிள்ளை கழுத்தில் கட்டும் ஐம்படைத்தாலி பழந்தமிழ் இலக்கியத்திலேயே வருகிறது. தாயத்து வேறென்ன, இதுதானே.

முதலில் செய்த தப்பு, பூஜைச் சாமான் கடையில் எந்திரம் எழுதக் கொடுக்கும் செப்புத் தகடு வாங்கியது. காகிதம் மாதிரி மெல்லிசு, கத்தரிக்கோலில் வெட்டலாம், சந்தோஷமாக ஒரு இலை வெட்டினேன், ஆணியால் ஒரு தட்டுத் தட்டியதும் மறுபக்கம் வந்துவிட்டது. சுருட்டிக் குழாயாக்கினால் தாயத்துக்கு ஆகும், தொங்கலுக்கு ஆகாது. நம் பட்டறைச் சாமான் கடைப் பெரியவர் 0.8 மி.மீ. செப்புத் தகடு வெட்டிக் கொடுத்தார், 10 செ.மீ.க்கு 20 செ.மீ., எடை ஏறக்குறைய 140 கிராம். இதன் மேல் புது ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டால் சரியாக 20 மி.மீ. வட்டம். ஒன்று இரண்டேகால் கிராம் வரும், கைச்சங்கிலிக்கும் பைக்கும் நல்லது, காதுக்குக் கனம். காதுக்கு 15 மி.மீ. போதும், ஒன்றேகால் கிராம்தான்.

வெட்டியதை அரத்தால் ராவி, உப்புத்தாள் 220, 400, 600 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலை, சீரியல் ஓடும்போது செய்தால் தெரியாது. தகடு கெட்டியாக இருந்தால் அடுப்பில் காட்டி இளக்கலாம். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, இடுக்கியால் பிடித்துத் தீயின் நீல நுனிக்கு மேலே வைத்தால் மங்கலாகச் சிவக்கும், அப்போதே தண்ணீரில் போட்டுவிடுங்கள், செம்பு இரும்பு மாதிரி இறுகாது, இளகும். கரேல் என்று வெளியே வரும். பயப்படாதீர்கள், நம் பாட்டிமார் குத்துவிளக்கு தேய்த்த அதே புளியும் உப்பும், பத்து நிமிடம் ஊறினால் ரோஜா நிறம். வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கென்று அமிலத் தூள் வாங்கச் சொல்வார்கள், சிரிப்பு வந்தது. ஒன்று மட்டும்: பெட்டியில் வந்த முலாம் பூசிய தொங்கல்களை இப்படி அடுப்பில் காட்டவே கூடாது, துத்தநாகப் புகை மூச்சுக்கு ஆகாது.

எழுத்துக்கு, இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் எழுத்துப் பன்ச் செட். பட்டறைகளில் இரும்பில் எண் பதிக்கிறார்களே, அதேதான். 3 மி.மீ. ஆங்கில எழுத்து செட்டில் 27 துண்டு, எண் செட்டில் 9, ஆறையே தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. இந்த ஆறு மாதத்தில் நான் வாங்கியவற்றில் காசுக்கு அதிகமாக உழைத்தது இதுதான். அடியில் கெட்டியான ஸ்டீல் கட்டை வேண்டும், அதற்கு அடியில் மடித்த கோணிப்பை, இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். வந்தார். தண்டவாளத் துண்டு கிடைத்தால் பட்டறைக்கல் மாதிரி உழைக்கும் என்று வீடியோக்களில் சொல்வார்கள், நம் ஊரில் ரயில்வே சொத்தை வீட்டில் வைத்திருப்பது கேஸ், அந்தப் பக்கம் போகாதீர்கள். அடி ஒன்றே ஒன்று, பலமாக. சந்தேகப்பட்டு இரண்டாவது தட்டினால் எழுத்துக்கு நிழல் விழும். பதிந்த எழுத்தைக் கறுப்பாக்க மார்க்கரால் தீட்டி மேலாகத் துடைத்தால் போதும். பழைய செம்பு மாதிரி வேண்டுமென்றால் அவித்த முட்டையைச் சூட்டோடு நசுக்கி, தொங்கலையும் சேர்த்து ஜிப் கவரில் மூடி வைத்தால் முட்டையின் கந்தகம் சில மணி நேரத்தில் கருக்கிவிடும். எங்கள் வீட்டில் முட்டை வராது, அக்கா வீட்டில் வைத்துச் செய்தேன், கவரைத் திறந்தபோது மாமா எழுந்து வெளியே போய்விட்டார். செம்பு தோலில் பட்டால் பச்சை பிடிக்கும், பின்பக்கம் நிறமில்லா நெயில் பாலிஷ் ஒரு கை பூசினால் ஒரு மாதம் தாங்கும், பிறகு மறுபடி பூச வேண்டும்.

தமிழ் எழுத்துக்குப் பன்ச் நான் கேட்ட எந்தக் கடையிலும் இல்லை. 247 துண்டுப் பெட்டியை யார் செய்வார்கள்! ஆனால் நமக்கு அதற்கும் ஒரு வழி இருக்கிறது, பாத்திரக் கடையில் சீர்வரிசைக் குடத்தில் பேர் வெட்டுவார்களே, புள்ளி புள்ளியாக. கான்கிரீட் ஆணி ஒன்றைச் சாணைக்காரரிடம் கொடுத்து நுனியைக் கொஞ்சம் மழுக்கிக் கொண்டுவந்தேன். காகிதத்தில் எழுத்தை எழுதித் தகட்டில் ஒட்டி, கோட்டின் மேலேயே ஆணியை நகர்த்தி நகர்த்தி லேசாகத் தட்ட வேண்டும். "அ" சுலபம் என்று நினைத்தேன், சுழி சரியாக வர நாலு வட்டம் வீணாயிற்று. நேர்கோடுள்ள ட, ப எல்லாம் முதல் முயற்சியிலேயே வந்துவிடும்.

அக்கா மகளுக்கு அவள் பெயரின் முதல் எழுத்து வேண்டாமாம், "ழ" வேண்டுமாம். "யார்கிட்டயும் இருக்காது சித்தி" என்றாள். மூன்றாவது தகட்டில் வந்தது, 38 புள்ளி, வால் கொஞ்சம் கோணல். மேலே துளை போட்டு, இரண்டு பக்கமும் பெட்டியில் மிஞ்சிய கருநீல மணியைக் கோத்து, ஸ்கூல் பையின் ஜிப்பில் மாட்டிக்கொண்டு போனாள். மறுநாளே ஒன்பது பேருக்கு ஆர்டர், ஆளுக்கு ஓர் எழுத்து, ஒன்று வந்த மாதிரி இன்னொன்று வரக் கூடாது என்று நிபந்தனை வேறு. எட்டு முடித்துவிட்டேன். "ஔ" கேட்ட பெண் மட்டும் இன்னும் காத்திருக்கிறாள், அது ஒரு ரூபாய் வட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.